வேண்டுதல் சுண்ணாம்பு

"…என்னுதை எடுத்துட்டேன். இனிமே கீழ இருக்கறதெல்லாம் உங்களுது. எடுக்கறதா இருந்தா மேல வாங்க, இல்லாங்காட்டி இல்லன்னு சொல்லிடுங்க."

கன்னியம்மா இதைச் சொன்னது ஒரு சத்திரத்து மொட்டை மாடியின் ஓரத்தில் நின்றுகொண்டு. கையில் கடப்பாரை, தலையில் முக்காடாகப் போட்ட கோணிப்பை, மேலே விடாத தூறல். கீழே சாலையில் காவடியோடு நின்ற ஜனங்கள், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள், எங்கள் இன்ஜினியர், நான். 

பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். என்னைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னீர்கள், எழுதியும் கொடுக்கச் சொன்னீர்கள். நின்ற கட்டடங்களைப் பற்றிச் சொல்ல உங்கள் ஆபீசிலேயே ஆள் இருப்பார்கள். நான் விழுந்துபோன ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் காலேஜ் வாசலை மிதித்தவன் இல்லை. சுண்ணாம்புக் கூடை தூக்க வந்து, மேஸ்திரிகள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு ஓவர்சியர் ஆனவன். அதனாலோ என்னவோ, கட்டடத்தின் நீள அகலம் மறந்துபோகும், அங்கே இருந்தவர்கள் என்ன பேசினார்கள் என்பது மறக்காது.

கனகம்மாசத்திரத்தைத் தாண்டித் திருத்தணிக்குப் போகிற சாலையில் ஒரு திருப்பம். நடந்து வருகிறவர்களுக்கு மலை முதன்முதலில் கண்ணில் படுகிற இடம் அதுதான். 'அரோகரா' என்று ஒருவர் ஆரம்பிக்க, பின்னால் வருகிற கூட்டம் முழுக்க எடுத்துக்கொள்ளும். அங்கேதான் இருந்தது அந்தச் சத்திரம். பெயர் கிடையாது. மலை தெரியற சத்திரம் என்பார்கள். முன்னால் ஒரு சுமைதாங்கிக் கல். உள்ளே நடுவில் சின்ன முற்றம், நான்கு பக்கமும் தாழ்வாரம். கை உயர்த்தினால் மேலே தொட்டுவிடலாம், அவ்வளவு குட்டையான கருங்கல் தூண்கள். பின்னால் சமையல்கட்டு, கிணறு. தாழ்வாரத்துக்கு மேலே மர உத்தரங்கள், அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள், அதற்கும் மேல் சாய்த்துப் பதித்த செங்கல், கடைசியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்த தளம். மெட்ராஸ் டெரஸ் என்று நீங்கள் படித்திருப்பீர்களே, அதுதான்.

வாசலுக்கு நிலை இருந்தது. கதவு கிடையாது. இருந்ததை யாரோ கழற்றிக்கொண்டு போனதல்ல. நிலையைத் தடவிப் பார்த்தேன், கதவு சுழல்வதற்கான குழியே வெட்டவில்லை. கட்டினவர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்.

ஏன் என்று கன்னியம்மாவைத்தான் முதலில் கேட்டேன். அவள் அந்தச் சத்திரத்துச் சமையல்காரி. அவள் மாமியார், மாமியாருக்கு மாமியார் எல்லோரும் அதே அடுப்பை ஊதினவர்கள். புருஷன் இல்லை, ஒரே மகள். குரல் மட்டும் வெண்கலப் பானையைத் தட்டினதுபோல இருக்கும்.

"கட்டின புண்ணியவான் எங்கியோ ஒரு வாசல்ல நின்னு தட்டித் தட்டிப் பாத்துட்டு, தொறக்காம நடந்து வந்திருப்பாரு சார். அந்தக் கோவம் இது. இந்தச் சத்திரத்துல ஆட்டுக்குத்தான் படல், ஆளுக்குக் கெடையாது. நானும் இந்த வாசல்ல யாரையும் போன்னு சொன்னதில்ல."

பின்கட்டில் அவளுக்கு நாலைந்து ஆடுகள் உண்டு. அந்தப் பட்டிக்குக் கதவாக ஒரு முள் படல். அதைத்தான் சொன்னாள்.

யாரோ ஒரு யாத்திரைக்காரர் சோற்றில் உப்பில்லை என்று முகத்தைச் சுளித்தார். "வள்ளி குடுத்த தினைமாவுல உப்பு கீதான்னு முருகனே கேக்கல, நீ கேக்கறியா?" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

இனி அந்த மொட்டை மாடிக்கு வருகிறேன்.

அந்தச் சாலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம். வேண்டுதல் பலித்தால் மலைக்குப் போய் முடி இறக்குவார்கள், காவடி எடுப்பார்கள். அதோடு, ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் இந்தச் சத்திரத்து மாடியில் சுண்ணாம்புத் தளம் போடுவார்கள். எப்போதோ மாடி ஒழுகியிருக்கிறது, காய்ச்சலிலிருந்து பிள்ளை பிழைத்த யாரோ ஒருவர் பூசிக் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்து இன்னொருவர். அப்புறம் அது வேண்டுதலாகவே ஆகிவிட்டது. கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள். தாளம் தப்பாது. முடிந்ததும் வேண்டிக்கொண்டவர் ஒரு மூலையில் ஈரத்தில் தன் உள்ளங்கையைப் பதிப்பார்.

பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பழையதைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? பழையது இன்னொருவர் வேண்டுதல். அதன்மேல் கை வைக்கலாமா? ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயிற்று. இடுப்பளவு இருந்திருக்க வேண்டிய கைப்பிடிச் சுவர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. மழைத்தண்ணீர் போகும் தூம்பு தூர்ந்துவிடும், அதற்கு மேலே புதிதாக ஒன்று துளைப்பார்கள், அதுவும் தூரும். சாலையிலிருந்து பார்த்தால் சுவரில் அடைபட்ட தூம்பு வாய்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும்.

கவனிக்க ஆளில்லாமல் விழுகிற கட்டடங்களை நிறையப் பார்ப்பீர்கள். இது கவனிப்பு தாங்காமல் குனிந்துகொண்டிருந்த கட்டடம்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம். கிருத்திகைக்கு முன்னால் எப்போதும்போல ஒரு பார்வை பார்த்துவிட்டு வரப் போனேன். கன்னியம்மா முன் தாழ்வாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"காலையில பெருக்கினா சாயங்காலம் மறுபடி மாவு. மேல எவளோ குந்திகினு மாவு சலிக்கிறா சார்."

விரலில் எடுத்துப் பார்த்தேன். மரத்தூள். நிமிர்ந்தேன். முன் தாழ்வாரத்து உத்தரம் நடுவில் வயிறு தள்ளியிருந்தது.

மறுநாளே எங்கள் இன்ஜினியரைக் கூட்டிவந்தேன். அவர் பெயரைச் சொல்லமாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. அதிகம் பேசாத மனிதர். பேனாக்கத்தியை உத்தரத்தின் நுனியில், சுவருக்குள் போகிற இடத்தில் வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. கத்தியை எடுக்கவே அவருக்கு மனசு வராததுபோல நின்றார்.

புது உத்தரம் வேண்டும். அதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும். மேலிடம் எது? அப்போது திருத்தணி ஆந்திராவில், சித்தூர் ஜில்லாவில் இருந்தது. அங்கேயே இருக்குமா, மெட்ராஸ் பக்கம் வந்துவிடுமா என்று பெரிய இழுபறி. இந்தப் பக்கம் கேட்டோம், அந்தப் பக்கம் கேட்டோம். எல்லை தீரட்டும், பார்க்கலாம் என்றே இரண்டு பக்கமும் சொன்னார்கள்.

இதைக் கேட்டுச் சிரித்தவன் துளசிராமன். மலைக்கு அந்தப் பக்கம் ஆர்.கே.பேட்டையில் தறி வைத்திருந்தான். சுற்றுவழியானாலும் வருஷா வருஷம் கிருத்திகைக்குத் தன் தெருக்காரர்களோடு நாலு நாள் முன்னாலேயே வந்து சத்திரத்தில் தங்கி, கன்னியம்மாவுக்கு விறகு பிளந்து கொடுப்பான். வாயைத் திறந்தால் வேடிக்கைதான்.

"வாசப்படி ஆந்திராவுக்கு, சமையல்கட்டு மெட்ராசுக்குன்னு பிரிச்சுக்கினாகூட பரவால்ல. ரெண்டு பேருமே வாணாம்ன்றாங்களே! பொண்ணு குடுக்கவும் ஆளில்ல, எடுக்கவும் ஆளில்ல!"

இன்ஜினியர் மாடியில் குந்தி ஒரு மூலையில் தோண்டிப் பார்த்துவிட்டு வந்தார். "பாரத்தை இறக்கினா இந்த மரமே இன்னும் சில வருஷம் தாங்கும். பழைய தளம் வரைக்கும் சுரண்டணும். இல்லன்னா ஒரு ஆளைக்கூட உள்ள விடக் கூடாது."

பனங்கட்டை வைத்து முட்டுக் கொடுக்கலாமே என்றேன்.

"முட்டுக் கொடுத்தா கட்டடத்துக்குப் பலம் கொஞ்சம் வரும், ஜனங்களுக்குத் தைரியம் நிறைய வரும். ரெண்டுக்கும் ஒத்துவராது."

இதை நீங்கள் மறக்க வேண்டாம். ஆபத்தில் இருக்கிற இடம் ஆபத்தாகவே தெரிய வேண்டும். பாதி வேலை செய்து, பார்க்க நன்றாக ஆக்கிவிட்டு வந்துவிடாதீர்கள்.

எங்கள் கூலியாட்கள் ஏணியிலேயே கால் வைக்கவில்லை. "வேண்டுதலை ஒடைச்ச பாவம் எங்களுக்கு வாணாம் சார்." போலீஸை வைத்துச் செய்யலாமா என்று கேட்டேன். "கிருத்திகை நேரத்துல, வேண்டுதலை உடைக்கப் போலீஸா? அதுவும் எந்த ஊர் போலீஸ்?" என்றார் இன்ஜினியர்.

வேறு வழியில்லாமல் கிணற்றடி வேப்பமரத்தின் கீழே எல்லோரையும் கூட்டினோம். சுற்று ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். துளசிராமனும் காவடியை ஒரு பக்கம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"சாமிக்குக் குடுத்ததைத் திரும்ப எடுக்கச் சொல்றீங்களே ஐயா" என்றார் ஒரு பெரியவர்.

"சாமிக்குக் குடுத்தது, சாமியைப் பாக்க வர்றவங்க தலைல விழப் போவுது" என்றார் இன்ஜினியர்.

 அப்புறம் துளசிராமன், அவனுக்கே அது அவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியாமல், சொன்னான்: "மேல இருக்கறது யாருது? அக்காவுது. அவங்க மொதல்ல எடுக்கட்டும். அப்பால வரிசையா பாக்கலாம்."

எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. நியாயமாகவும் இருந்தது. மேலே இருப்பதை எடுக்காமல் கீழே இருப்பதை எடுக்க முடியாதே.

மேல் அடுக்கு கன்னியம்மாவுடையது. மகள் செல்வி கல்யாணத்துக்கு முன்னால் விஷ ஜுரத்தில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்து பிழைத்தவள். அதற்குப் போட்ட தளம். கூட ஆள் வைக்காமல் கூடை கூடையாக அவளே சுமந்து ஏற்றினது. அந்தச் செல்வி இப்போது தலைப்பிரசவத்துக்கு அம்மாவிடம் வந்திருந்தாள். சமையல்கட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிறைமாதம். அங்கே இருந்த அத்தனை பேர் கண்ணும் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு அவசரமாக வேறு பக்கம் போயிற்று.

"என் பொண்ணுகிட்டருந்துதான் ஆரம்பிக்கணுமா தம்பி?" என்றாள் கன்னியம்மா.

"நான் இன்னா பண்ணட்டும் அக்கா. மேல இருக்குதே."

பிள்ளைகளே, பொதுவாக எல்லோரும் விட்டுக்கொடுக்க வேண்டிய ஒரு காரியத்தைக் கேட்கப் போகும்போது, மேல் அடுக்கு யாருடையது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அது, இல்லை என்று சொல்லத் தெம்பில்லாதவர் தலையில்தான் இருக்கும்.

 கன்னியம்மா எழுந்து போய் உலை வைத்தாள்.

கிருத்திகைக்கு முந்தின நாள் காலையிலேயே தூறல் ஆரம்பித்துவிட்டது. ஊறின சுண்ணாம்பு இன்னும் கனக்கும். நானும் இன்ஜினியரும் விடிந்ததும் போய் உள்ளே இருந்தவர்களை வெளியேற்றினோம். ஒரு கூட்டத்தை அனுப்பினால் அடுத்த கூட்டம் நனைந்துகொண்டு வரும். மூடுவதற்குக் கதவு இல்லை. நான் வாசல் நிலையில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"கதவே இல்லாத சத்திரத்துக்கு நீ கதவா?" என்று ஒரு கிழவர் என் கையை விலக்கினார். அவர் பின்னால் ஒரு கைக்குழந்தைக்காரி. அப்போது முன் தாழ்வாரத்தில் 'சடக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் ஒன்றுமில்லை, சுள்ளி முறிவதுபோலத்தான். எனக்கும் இன்ஜினியருக்கும் மட்டும் அது என்னவென்று தெரிந்தது. நான் கிழவரைத் தோளோடு பிடித்து வெளியே தள்ளினேன். அவர் என்னை என்னென்னவோ திட்டினார்.

சமையல்கட்டிலிருந்து கன்னியம்மா வந்தாள். சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கிறது. உத்தரத்தைப் பார்த்தாள். வெளியே நனைந்துகொண்டிருந்த கைக்குழந்தையைப் பார்த்தாள். எங்கள் சாமான்களிலிருந்து ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். நானும் கூட ஏறினேன்.

"நீங்க தொடாதீங்க சார். என்னுது நான்தான் எடுக்கணும்."

"செவத்து மேலயே நில்லும்மா, நடுவுல போவாதே!" என்று கீழிருந்து கத்தினார் இன்ஜினியர்.

மாடியிலிருந்து மலை நன்றாகத் தெரியும். அன்றைக்கு மேகம் பாதி மறைத்திருந்தது. அந்தப் பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னதல்ல, ஆனால் குரல் அப்படி, கேட்டுவிட்டது.

"முருகா, கணக்கு உனக்கும் எனக்கும். என் பொண்ணுகிட்ட போவாத."

முதல் அடி அடித்தாள்.

முன் தாழ்வாரத்துக்கு மேலே இருந்த பாகத்தை மட்டும் எடுக்கவே பிற்பகல் ஆயிற்று. அவள் அடுக்கு ஒரு விரல் கனம்தான். சுவரின்மேல் குந்தியபடி நெம்பி நெம்பி, பெயர்ந்ததைக் கூடையில் வாரிச் சாலை ஓரத்தில் கொட்டினாள். யாத்திரைக்காரர்கள் அந்தக் கட்டிகளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். சிலர் அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். செல்வி சமையல்கட்டிலேயே இருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் தலை குனிவதை நான் ஏணியிலிருந்து பார்த்தேன்.

கடைசிக் கட்டி பெயர்ந்தபோது, மூலையில் அடுத்த அடுக்கு தெரிந்தது. அதில் ஒரு கைத்தடம். அகலமான உள்ளங்கை, ஆள்காட்டி விரல் கொஞ்சம் வளைந்திருந்தது.

துளசிராமன் உண்மையாகவே கடப்பாரையோடுதான் ஏறி வந்தான். அவனை நான் குறை சொல்லமாட்டேன். அக்கா எடுத்துவிட்டாள், இனி நம் முறை என்றுதான் வந்தான். கைத்தடத்தைப் பார்த்தான். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, தன் கையை அதன்மேல் பொருத்திப் பார்த்தான்.

"நைனாவுது" என்றான்.

அவன் அப்பா செத்து மூன்று வருஷம்கூட ஆகியிருக்காது. மழைத்தண்ணீர் அந்த விரல் பள்ளங்களில் தேங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா உசுரோட கீறாங்க, மனசு மாத்திக்கலாம். எங்க நைனா எப்படிங்க மாத்திக்குவாரு? செத்துப்போனவர்கிட்ட யாரு போய்ச் சம்மதம் கேக்கறது?"

கீழே நின்ற இன்ஜினியரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.   துளசிராமனின் நைனாவுக்குக் கீழ் அடுக்குகளைப் போட்டவர்கள் எல்லோருமே செத்துப்போனவர்கள்.

துளசிராமன் கடப்பாரையை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போனான். வேறு யாரும் ஏறவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், முடிவில் சொல்ல எனக்கு மனசில்லை. ஐப்பசி மழையில், ஒரு பகல் நேரத்தில், முன் தாழ்வாரம் விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. மற்ற மூன்று பக்கமும் ஒவ்வொன்றாக அதன் பின்னாலேயே போயிற்று. எல்லை தீர்ந்து தாலுகா மெட்ராஸ் பக்கம் வந்தபோது, உத்தரவு போட அங்கே உத்தரம் இல்லை. கருங்கல் தூண்களை யார் யாரோ எடுத்துப் போனார்கள். சுமைதாங்கிக் கல் மட்டும் ரொம்ப நாள் நின்றது.

பிரசவத்தில் செல்வி பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை. இதற்கும் அந்தச் சுண்ணாம்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். கன்னியம்மாவிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரில் யாரும் அவள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கட்டடத்திலும் எந்த வேண்டுதலையும் தொட வேண்டும் என்று பேச்செடுத்தால், அவள் பெயரைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள்.

இன்ஜினியர் மாற்றலாகிப் போகும்போது என்னிடம் சொன்னார்: "நம்ம கணக்குல எங்கயும் தப்பில்லையே. அதுதான்யா தூங்க விடமாட்டேங்குது." உங்களுக்கு நான் கொடுக்கக்கூடிய பாடம் இதைவிடத் தெளிவாக இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இப்போது மறுபடி அந்த மாடிக்கு வாருங்கள். துளசிராமன் இறங்கிப் போய்க் கூட்டத்தில் நின்றுகொண்டான். நானும் இறங்கிவிட்டேன். கன்னியம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் ஓரத்துக்கு வந்து, நான் முதலில் எழுதினேனே, அதைக் கேட்டாள். எடுக்கிறதா இருந்தால் வாருங்கள், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று.

யாரும் வரவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. துளசிராமன் தன் காவடியின் மயில்தோகையில் இருந்த ஈரத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தான்.

கன்னியம்மா இறங்கினாள். நேராகச் சமையல்கட்டுக்குப் போய், அடுப்பில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினாள். செல்வியைக் கையைப் பிடித்து எழுப்பி, மெதுவாக வெளியே நடத்திவந்து, சாலையோரத்தில் நின்ற ஒரு கூண்டு வண்டிக்குள் உட்காரவைத்தாள். சோற்றுப் பானையைக் கொண்டுவந்து சுமைதாங்கிக் கல்மேல் வைத்தாள். பின்கட்டுக்குப் போய் ஆடுகளை அவிழ்த்து விரட்டிவிட்டு, பட்டியிலிருந்த முள் படலைச் சேற்றில் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அப்ப நாங்கல்லாம் எங்க போறது?" என்றாள் அந்தக் கைக்குழந்தைக்காரி.

கன்னியம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவே இல்லாத அந்த நிலையில் படலை நிமிர்த்தி வைத்தாள். தான் வெளியே நின்றபடி, கிணற்றுக் கயிற்றால் அதை வாசலை ஒட்டிய கல்தூணோடு சேர்த்துக் கட்டினாள். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.